பொதிக்காரனின் இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள்

கஹமார்க்கா, 1822 ஜனவரி 14

தங்கச்சி மெல்ச்சோராவுக்கு,

நீயும் உன் மகன் தாதேயோவும் லிமாவின் வெக்கையில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை போதுமான அளவு பெய்தது. உருளைக்கிழங்கு அழுகவில்லை. என் வலது கண்ணை வெள்ளை முழுதாக மூடிவிட்டது. இடது கண் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், குடித்த சோளக் கள் அல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். ராஜா போய்விட்டார், இனி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று சதுக்கத்தில் தண்டோரா போட்டார்கள். கூட்டம் தொப்பியை வீசியது. நான் வீசவில்லை. எனக்கு வேண்டியது என் புத்தகம்.

உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 1808-இல் நான் 'பெட்டி சுமந்த லூக்காஸின் சரித்திரம்' எழுதி முடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், பொதி ஓட்டிய வழியில் கல்லறைக் கற்களையும் சுங்கச் சீட்டுகளையும் பார்த்து எழுத்துக் கற்றவன் எழுதியது. அனுமதி இல்லாமல் அச்சடிக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். நகலை மட்டும் கொடுத்தால் போதாது, மூலத்தையும் கொடு, இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றார்கள். இரண்டையும் நீ நெய்த நீல இடுப்புக் கச்சையால் கட்டி லிமாவில் அனுமதி கொடுக்கும் அலுவலகத்தின் மேசையில் நானே வைத்தேன். அன்றிலிருந்து என்னிடம் ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு ஜனவரியும் முத்திரைத் தாள் வாங்கி ஒரு மனு. இந்த மாதத்தோடு பதினான்கு.

எதிர்வீட்டுச் சாராயக்கடை பெத்ரோனா நேற்றும் கேட்டாள்: "என்னய்யா கொத்ரீனா, புஸ்தகம் பொறந்துச்சா? பதினாலு வருசக் கர்ப்பம்! யானைகூட இதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துருக்கும்!"

நீ அந்த அலுவலகத்துக்குப் போய் என் தாள்கட்டை வாங்கி வா. எனக்கு ஒரு கண் இருக்கும்போதே வர வேண்டும். பிழை திருத்தக் கண் வேண்டும்.

உன் அண்ணன்
எவுசேபியோ கொத்ரீனா


லிமா, 1822 பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடவுள் உன் இடது கண்ணையாவது காப்பாற்றட்டும். வெந்நீரில் ரோஜா இதழ் போட்டுக் கழுவச் சொன்னால் நீ கேட்கப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

அலுவலகத்துக்குப் போனேன். அதே கட்டடம், அதே மேசை, தொன் புருதென்சியோ என்ற அதே குமாஸ்தா. கோட்டில் மட்டும் புதிதாகச் சிவப்பு வெள்ளை நாடா.

"அம்மா, அது ராஜா காலத்துக் காயிதம். இப்ப ராஜா இல்லியே" என்றார்.

"ராஜா இல்ல, சரி. நீங்க இருக்கீங்களே" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். புருதென்சியோவுக்குக் காது சிவந்தது. "பரண் நிறைய மூட்டை கெடக்கு. தேடணும். ஒங்கண்ணன் புது மாதிரி மனு ஒண்ணு போடட்டும்" என்றார்.

தாதேயோ படையில் சேர்ந்துவிட்டான். சொல்லாமல் சேர்ந்தான். சீருடையில் வந்து நின்று, "அம்மா, எப்பிடி இருக்கேன்?" என்றான். சட்டை இரண்டு பேருக்குக் காணும். பிடித்துத் தைத்தேன். நானும் இப்போது படைக்காகப் பெண்கள் வேலை செய்யும் ஒரு மடத்துக்குப் போகிறேன். ஒரே நீள மேசை, முப்பது பேர்.

மனுவை அனுப்பு.

உன் தங்கை
மெல்ச்சோரா


கஹமார்க்கா, 1822 மார்ச் 28

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். கண்ணை எதிலும் கழுவவில்லை.

மனு இத்துடன் இருக்கிறது. இங்கே விற்கும் முத்திரைத் தாளைப் பார்த்தாயா? ராஜாவின் முத்திரை மேலேயே புது முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள். விரலால் தடவினால் கீழே ராஜா தட்டுப்படுகிறார். 'அடிமை' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் 'குடிமகன்' என்று போடச் சொன்னான் சதுக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கிறவன். போட்டேன். 'திருவடிகளில் பணிந்து' என்பதை எடுக்கட்டுமா என்றேன். "அது இருக்கட்டும், அது மரியாதை" என்றான்.

பதினைந்தாவது மனு. அந்தக் குமாஸ்தாவிடம் சொல்: தாள்களின் கீழே ஒவ்வொன்றிலும் என் கைச்சுழி இருக்கும், நத்தை ஓடு மாதிரி. நீலக் கச்சை. பரணில் எலி இருந்தால் பூனை வைக்கச் சொல். தூக்கித் தேட ஆள் இல்லை என்றால் நீயே ஏறித் தேடு.

தாதேயோ விஷயத்தில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என் செவிடியின் முதுகில் ஏறி மலையிறங்கிய பயல் அவன். கோவேறு கழுதைகளில் அதைவிடப் பிடிவாதமானது பிறந்ததில்லை. அதையே சமாளித்தவன் சார்ஜெண்ட்டைச் சமாளிப்பான்.

எவுசேபியோ


லிமா, 1822 மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா? இங்கே பனி இறங்கத் தொடங்கிவிட்டது. விரல் முட்டிகள் வலிக்கின்றன.

தேடிக்கொண்டிருக்கிறார்கள். பொறுமையாக இரு.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். நான் லிமாவுக்கு வருவதற்கு முன்னால் அந்தப் புத்தகத்திலிருந்து சில பக்கங்களை அடுப்பருகே எங்களுக்குப் படித்துக் காட்டினாயே. லூக்காஸ் ஆற்றங்கரைச் சத்திரத்தில் தங்குகிற இடம். சத்திரக்காரி அவனிடம் என்ன சொல்வாள்? அவன் என்ன பதில் சொல்வான்? எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. நீ எழுதிய மாதிரியே, ஒரு சொல் விடாமல், எழுதி அனுப்பேன். பிறகு, அந்தப் பூட்டிய பெட்டிக்குள் என்ன இருந்தது? அதை நீ கடைசிவரை சொல்லவே இல்லை.

வேலை முடிந்து வந்தால் அந்தக் கதையைப் படிக்க ஆசையாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

உன் தங்கை
மெல்ச்சோரா


கஹமார்க்கா, 1822 ஜூன் 10

தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

உனக்கு என்ன ஆயிற்று? புத்தகத்தை வாங்கி வா என்று அனுப்பினால் என்னிடமே கதை கேட்கிறாய். ஆசையாக இருந்தால் பரணில் ஏறு. நான் அதைச் சொல்வதற்கு எழுதவில்லை, படிப்பதற்கு எழுதினேன். சொல்லிவிட்டுப் போவதென்றால் சத்திரம் சத்திரமாகச் சொல்லியிருப்பேனே. பத்து வருஷம் எதற்கு மெழுகுவத்தியைத் தின்றேன்? ஒரு சொல் விடாமல் இருப்பது அந்தத் தாளில். என் வாயில் இல்லை.

பெட்டிக்குள் என்ன என்பது இருநூற்றுப் பத்தாம் தாளில் வரும். மற்றவர்களுக்கு வரும்போது உனக்கும் வரும்.

உன் கடிதத்தில் நீலக் கச்சையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனுவைப் படித்துவிட்டு அந்தக் குமாஸ்தா என்ன சொன்னான் என்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் எழுது.

பெத்ரோனாவிடம் உன் கேள்வியைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு பாவம், எழுதித்தான் குடேன். ஒங்கையில என்ன தங்கமா வழியுது?" என்றாள். சாராயம் விற்கிறவளுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்.

எவுசேபியோ


லிமா, 1822 ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். தாதேயோ நலம், மெலிந்திருக்கிறான். ராஜாவின் படை இன்னும் தெற்கே இருக்கிறதாம், அங்கே ஆட்களை அனுப்பக் கப்பல்களைத் தயார் செய்கிறார்கள். அவனுடைய அணியும் போகிறது.

நேற்று வந்து சாப்பிட்டான். நிறையப் பேசினான். "அம்மா, எங்க சார்ஜெண்டு கண்ண மூடிட்டுத்தான் சுடுவாரு. அவரு பக்கத்துல நிக்கிறதவிட எதிரி பக்கத்துல நிக்கிறது பத்திரம்" என்றான். சிரித்தேன். அவன் போன பிறகு பாத்திரம் கழுவ முடியவில்லை.

அண்ணா, என் மேல் கோபப்படாதே. மறுபடியும் கேட்கிறேன். உன் கண் இருக்கும்போதே, நினைவிருக்கிற மட்டும், வாரத்துக்கு ஒரு தாள் எழுதி அனுப்பு. கண் முடியவில்லை என்றால் கோயில் ரெமிஹியோவிடம் சொல்லி எழுதச் சொல். நான் இங்கே அடுக்கி வைக்கிறேன். வீட்டிலும் ஒரு பிரதி இருந்தால் நல்லதுதானே. எலி, தீ, எதுவும் நடக்கலாம்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மெல்ச்சோரா


கஹமார்க்கா, 1822 நவம்பர் 3

தங்கச்சிக்கு,

சேமமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். ஆகஸ்ட்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

உன்னை நம்பிப் பயனில்லை என்று நானே கிளம்பினேன். எழுபத்தொரு வயது, அரைக் கண். உப்பு வியாபாரிகளோடு சேர்ந்து மலையிறங்கினேன். இரண்டாம் நாள் ஒரு கிளை என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்க்கவில்லை. இடுப்பு போயிற்று. முப்பது வருஷம் பொதி கட்டியவனைப் பொதியாகக் கட்டி, கழுதை மேல் குறுக்காகப் போட்டுக் கொண்டுவந்தார்கள். சதுக்கமே வேடிக்கை பார்த்தது.

"லிமா எப்பிடிய்யா இருந்துச்சு?" என்றாள் பெத்ரோனா. பிறகு அவளேதான் இடுப்புக்கு மூலிகை அரைத்துக் கட்டினாள்.

இனி நான் வர முடியாது. உன்னை விட்டால் வேறு யாரும் இல்லை. ஒரே வரி எழுது: கிடைத்ததா, இல்லையா?

எவுசேபியோ


அரிக்கா கடற்கரை, 1822 டிசம்பர் 28

மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் மருமகன் தாதேயோ உயிரோடும் பசியோடும் இருக்கிறேன். கப்பலில் வாந்தி எடுத்ததில் பாதி மெலிந்தேன். மீதி இங்கே வெயிலில்.

ஒரு வேடிக்கை நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நேற்றுப் பயிற்சி. தோட்டாவின் தாளைப் பல்லால் கிழித்து மருந்தைத் துப்பாக்கிக் குழாயில் கொட்ட வேண்டும். கடித்தேன். கண்ணுக்கு நேரே ஒரு சொல் தெரிந்தது: 'செவிடி'. திருப்பிப் பார்த்தால் உங்கள் கையெழுத்து மாமா! ஓரத்தில் உங்கள் நத்தைச் சுழி! மருந்தைக் கீழே கொட்டிவிட்டுத் தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"டேய் கொத்ரீனா வீட்டுப் பிள்ள, யுத்தம் பண்ண வந்தியா, பூசை படிக்க வந்தியா?" என்று கார்ப்பரல் பிடரியில் ஒன்று வைத்தார்.

"இது எங்க மாமா எழுதுனதுங்க" என்றேன். "அப்பிடின்னா ஒங்க மாமாவ நல்லாக் குத்தி உள்ள எறக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் எல்லோரும் தங்கள் தோட்டாக்களைப் பிரித்துத் தேடினார்கள். மற்றதெல்லாம் பாதிரிமார் எழுத்து. உங்களுடையது எனக்கு மட்டும்தான் வந்தது.

புத்தகம் அச்சாகிவிட்டது, அதனால் பழைய கையெழுத்துத் தாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லையே! எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தாளை இதில் வைத்திருக்கிறேன். ஒரு மூலை என் வாயோடு போய்விட்டது, மன்னியுங்கள்.

உங்கள் மருமகன்
தாதேயோ


கஹமார்க்கா, 1823 பிப்ரவரி 10

மெல்ச்சோரா,

உன் மகன் எழுதியிருக்கிறான். உள்ளங்கை அளவுத் தாள் ஒன்று அனுப்பியிருக்கிறான்.

அந்த மடத்தில் முப்பது பேரும் என்ன வேலை செய்கிறீர்கள்?

எவுசேபியோ கொத்ரீனா


லிமா, 1823 மார்ச் 15

அண்ணா,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

தோட்டா சுற்றுகிறோம். மரக்குச்சியில் தாளைச் சுற்றி, அடியை மடித்து, குண்டும் மருந்தும் போட்டு முறுக்குவது. ஊரில் வெள்ளைத் தாள் இல்லை. மடங்களிலிருந்தும் பழைய அலுவலகங்களிலிருந்தும் எழுதிய தாள்கள் வண்டி வண்டியாக வரும். நாலாக வெட்டித்தான் மேசைக்கு வரும். போன ஏப்ரலில் ஒரு நாள் மதியம்வரை சுற்றிவிட்டு, கையிலிருந்த துண்டை ஏனோ படித்தேன். 'செவிடி ஆற்றைப் பார்த்தது, லூக்காஸைப் பார்த்தது, இரண்டில் ஆறே மேல் என்று முடிவு செய்தது.' அடுப்பருகே நீ படித்ததும் நாங்கள் சிரித்த வரி. என் முன்னால் இருந்த அடுக்கு முழுவதும் நீதான். எதிரில் இருந்தவளின் இடுப்பில் நீலக் கச்சை. மூட்டையில் கிடந்தது என்று எடுத்துக் கட்டியிருந்தாள்.

நான் எழுந்து கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அப்போது மடத்து வேலையை மேற்பார்க்கும் சார்ஜெண்ட் வந்தார். "சீக்கிரம் சுத்துங்கம்மா, தாள் இல்ல. பசங்களுக்கு ஆளுக்கு இருவது தோட்டாகூடத் தேறாது. இருவத வச்சுக்கிட்டு என்ன செய்வானுங்க?" என்றார். ஆளுக்கு இருபது. தாதேயோவுக்கு இருபது. உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் கை படாமல், உன்னுடையதை எல்லாம் என் பக்கம் இழுத்து நானே சுற்றினேன். பதினோரு துண்டுகளை ரவிக்கைக்குள் மறைத்தேன். அதற்கு மேல் இடமில்லை. அதனால்தான் உன்னைக் கேட்டேன், எழுதி அனுப்பு என்று. நீ மறுத்தாய். உண்மையைச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பாயோ என்னவோ, எனக்குத் தைரியம் வரவில்லை.

தெற்கே தோற்றுவிட்டோம். கப்பல்கள் திரும்பின. துறைமுகத்தில் ஐந்து நாள் நின்றேன். கண்ணை மூடிச் சுடுகிற அந்தச் சார்ஜெண்ட் கூட இறங்கினார். தாதேயோ இறங்கவில்லை. "மலைமேல ஏறும்போது பாத்தேம்மா. அப்புறம் பாக்கல" என்றார். இறந்தவர்கள் பட்டியலில் பெயர் இல்லை. வந்தவர்கள் பட்டியலிலும் இல்லை.

பதினோரு துண்டுகளையும் அனுப்புகிறேன், பத்திரமான ஆள் கிடைத்ததும். ஒன்றுதான் கேட்கிறேன். அவன் கடித்த தாள் உன்னிடம் இருக்கிறது. எனக்கு அவன் துணிமணிகூட இல்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

மெல்ச்சோரா


கஹமார்க்கா, 1823 ஏப்ரல் 21

தங்கச்சிக்கு,

இடது கண்ணும் போயிற்று. உன் கடிதத்தை ரெமிஹியோ படித்தான். இதை நானே எழுதுகிறேன். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொண்டு படி. பெத்ரோனா கூட உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் ஒரு கிண்டலும் இல்லாமல் எழுந்து போனாள். சாயங்காலம் சூப் வந்தது.

முதலில் உனக்கு வேறொரு கடிதம் எழுதினேன். அது அடுப்புக்குப் போயிற்று. உன்னை மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் சுற்றித்தான் இருப்பேன் என்பதையும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பெட்டிக்குள் என்ன என்று நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். லூக்காஸின் தம்பி நிலத்தை ஒரு துரை வளைத்துப் போடுகிறான். புகார் எழுத முத்திரைத் தாள் வேண்டும். மாகாணத்தில் தாள் தீர்ந்துவிட்டது, லிமாவிலிருந்து வரும்வரை பொறு என்கிறார்கள். அதே நாட்களில் லூக்காஸ் ஒரு பூட்டிய பெட்டியை லிமாவிலிருந்து ஏற்றிக்கொண்டு, சத்திரங்களில் ஆடிப் பாடி, நாற்பது நாள் தாமதமாக வருகிறான். அதற்குள் நிலம் போய்விட்டது. அவன் கண்முன் பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே முத்திரைத் தாள்.

அவ்வளவுதான். எத்தனை வரி வந்தது பார். பத்து வருஷம், இருநூற்றுப் பன்னிரண்டு தாள். மீதித் தாள்களில் என்ன எழுதினேன் என்று பதினெட்டு நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன். சத்திரக்காரி ஏதோ சொல்வாள். லூக்காஸுக்குப் பதில் வராது. அவள் சொன்னது எனக்கே ஞாபகமில்லை. நீ அனுப்பிய செவிடியின் வரியை ரெமிஹியோ படித்தபோது, யாரோ நன்றாக எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று ஒரு சொல் விடாமல் வருகிறது. 'மாட்சிமை தங்கிய சபையின் திருவடிகளில் பணிந்து, கஹமார்க்கா நகரில் வசிக்கும் பொதிக்காரன் எவுசேபியோ கொத்ரீனா விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்...' பதினைந்து தடவை எழுதியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்னை அவர்கள் மனப்பாடம் செய்ய வைத்தது அதைத்தான்.

பதினோரு துண்டுகளை அனுப்பாதே. இங்கே படிக்கக் கண் இல்லை. ரெமிஹியோ படித்தால் பூசை மாதிரி இருக்கிறது. நீயே வைத்துக்கொள்.

தாதேயோவின் தாளை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்று என் அரைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை, யாரையும் படிக்கச் சொல்லவும் இல்லை. பல் பட்ட இடத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்தேன். மேலே மூன்று பல், கீழே இரண்டு. எடுத்துக்கொள். அவன் கதவைத் தட்டினால், என்னைக் கேட்காமலே அவனிடம் கொடு.

ஒரு மூலை குறைகிறது. அது அவனோடு இருக்கிறது. அதைக் கேட்டு நான் யாருக்கும் மனுப் போடமாட்டேன்.

உன் அண்ணன்
எவுசேபியோ